மிதவைப் புள்ளி இல்லாத புராசசருக்கு ஒரு லினக்ஸ்: காட்பாடியில் நடந்த வேலையின் நிகழ்வு ஆய்வு

ரிஸ்க்-ஃபைவுக்குத்தான் டெபியன் இருக்கிறதே, அப்புறம் எதற்குத் தனியாக ஒன்றைக் கட்டினீர்கள்? காட்பாடியில் நாங்கள் செய்த வேலையைக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. ரிஸ்க்-ஃபைவ் என்பது திறந்த கட்டளைத் தொகுப்பு, அதாவது புராசசர் புரிந்துகொள்ளும் கட்டளைகளின் பட்டியல். டெபியன் ஒரு லினக்ஸ் டிஸ்ட்ரோ: கர்னல் என்ற மையத்தையும் அதன் மேல் ஓடும் நிரல்களையும் சேர்த்துத் தரும் தொகுப்பு. லினக்ஸ் கர்னலில் ரிஸ்க்-ஃபைவ் ஆதரவு 2018 ஜனவரியில் வந்த 4.15 பதிப்பிலேயே தொடங்கிவிட்டது. டெபியன் 2023 ஜூலையில் ரிஸ்க்-ஃபைவ் 64 பிட்டைத் தன் அதிகாரப்பூர்வக் கட்டமைப்புகளில் சேர்த்தது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் அது முழு உறுப்பாக வெளியானது. இறக்கி, எஸ்டி கார்டில் எழுதி, பலகையில் செருகினால் போதாதா?

எங்கள் பலகைக்குப் போதவில்லை. அது கடையில் கிடைக்கும் புராசசர் இல்லை. ஒரு எஃப்பிஜிஏ (உள் சுற்றை நாமே மாற்றி அமைக்கக்கூடிய சிப்) பலகையில் திறந்த மூல ரிஸ்க்-ஃபைவ் கோர் ஒன்றை ஏற்றி வைத்திருக்கிறோம். ராணிப்பேட்டை, ஆற்காடு, குடியாத்தம் பக்கமிருந்து பொறியியலும் டிப்ளமோவும் படிக்கும் பிள்ளைகள் மாலையில் வந்து அந்தக் கோரையே திருத்திப் பழகுகிறார்கள். சென்னை ஐஐடியின் சக்தி புராசசரும் இதே திறந்த கட்டளைத் தொகுப்பின் மேல்தான் எழுந்தது என்பதால் பிள்ளைகளுக்கு இதில் தனி ஈடுபாடு. அவர்கள் மாற்றிப் பார்க்க இடம் வேண்டும். தசம எண் கணக்குகளைச் செய்யும் மிதவைப் புள்ளி அலகு சிப்பில் பெரிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதை எடுத்துவிட்டோம். மீதி இருப்பது அடிப்படை முழு எண் கட்டளைகள், பெருக்கல் வகுத்தல், அட்டாமிக் கட்டளைகள், சுருக்கக் கட்டளைகள். கட்டளைத் தொகுப்பின் மொழியில் சொன்னால் ஆர்வி64ஐமேக்.

டெபியன் எதிர்பார்ப்பது ஆர்வி64ஜிசி. அந்த 'ஜி'க்குள் எஃப், டி என்ற இரண்டு மிதவைப் புள்ளி நீட்சிகளும் அடங்கும். டெபியனின் பைனரியை எங்கள் பலகையில் ஓட்டினால் கர்னல் ஏறும். அடுத்து இனிட், அதாவது முதல் நிரல், தொடங்கும். உடனே 'இனிட்டைக் கொல்ல முயற்சி' என்று கர்னல் பேனிக், எல்லாம் நின்றுவிடும். கூடவே வெளியேறு குறி 4. அந்த 4 என்பது சிக்இல், அதாவது தெரியாத கட்டளை. இத்தனை சீக்கிரம் விழுவதற்குக் காரணம் உண்டு. லைப்ரரி ஃபங்ஷன் ஒன்றை முதல்முறை அழைக்கும்போது, நிரலை லைப்ரரியோடு இணைக்கும் டைனமிக் லிங்கர் அதன் முகவரியைத் தேடுகிறது. தேடுவதற்கு முன்னால் மிதவைப் புள்ளிப் பதிவேடுகளையும் (புராசசருக்குள் எண்களை வைக்கும் இடங்கள்) ஓரமாக எடுத்து வைக்கிறது. அந்தப் பதிவேடுகளே நம்மிடம் இல்லை. நிரலில் ஒரு தசம எண் கூட இல்லாவிட்டாலும் இதுதான் கதி.

இல்லாத கட்டளைகளைக் கர்னலே மென்பொருளால் எமுலேட் செய்துகொள்ளாதா என்று எங்கள் குழுவில் இருக்கும் மூத்த பொறியாளர் கேட்டார். ராணிப்பேட்டை பெல் ஆலையில் பணி ஓய்வு பெற்றவர் அவர். மிப்ஸ் என்ற வேறு புராசசர் வகைக்கான கர்னலில் அப்படி ஒரு எமுலேட்டர் உண்டு. ரிஸ்க்-ஃபைவ் கர்னலில் இல்லை. ஆக எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்வது ஒன்றே வழி.

இது நாங்கள் கண்டுபிடித்த வழி இல்லை. ராஸ்பெரி பை என்ற சிறு கணினி வந்த புதிதில் இதே சிக்கல் இருந்தது. அதன் ஏஆர்எம்வி6 புராசசரில் மிதவைப் புள்ளி அலகு இருந்தது. ஆனால் டெபியனின் ஏஆர்எம்எச்எஃப் பதிப்பு அடுத்த தலைமுறையான ஏஆர்எம்வி7-ஐ எதிர்பார்த்தது. மைக் தாம்சன், பீட்டர் கிரீன் இருவரும் 2012-இல் டெபியனின் பேக்கேஜ்களை ஏஆர்எம்வி6-க்கு மறுபடி கட்டினார்கள். அதுதான் ராஸ்பியன். உலகமெங்கும் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸ் பழகியது அந்த உழைப்பின் மேல். நாங்கள் சோர்ந்த நாட்களில் அவர்களை நினைத்துக்கொண்டதுண்டு.

முதல் முடிவு: பெயர்

வேலையைத் தொடங்கும் முன் எடுக்க வேண்டிய முடிவு, இந்தக் கட்டமைப்புக்கு டெபியனின் பேக்கேஜ் நிறுவியான டிபிகேஜியில் என்ன பெயர் என்பது. சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் ரிஸ்க்வி64 என்ற பெயரையே வைத்துக்கொண்டால், பேக்கேஜ்களை இறக்கும் ஆப்ட் ஒருநாள் டெபியனின் பைனரியை இறக்கிப் போட்டுவிடும். பெயர் பொருந்துகிறது, அதற்கு வேறென்ன தெரியும்? இரண்டுக்கும் ஏபிஐ, அதாவது ஃபங்ஷன்கள் ஒன்றுக்கொன்று மதிப்புகளைக் கொடுத்து வாங்கும் முறை, வேறு. டெபியனுடையது எல்பி64டி, தசம எண்களை மிதவைப் புள்ளிப் பதிவேடுகளில் கொடுத்து வாங்கும். நம்முடையது எல்பி64, எல்லாவற்றையும் முழு எண் பதிவேடுகளிலேயே கொடுத்து வாங்கும். இரண்டையும் கலந்து இணைக்கப் போனால் லிங்கரே மறுத்துவிடும். ஏஆர்எம்மில் ஏஆர்எம்ஈஎல், ஏஆர்எம்எச்எஃப் என்று டெபியன் பிரித்தது போல நாங்களும் தனிப் பெயர் வைத்தோம். கம்பைலருக்குக் கட்டமைப்பைச் சொல்லும் பெயரான டிரிப்லெட்டின் கடைசித் துண்டு 'குனு' என்று தொடங்கும்படி பார்த்துக்கொண்டோம். அப்படி இருந்தால் கட்டும் முன் சூழலைச் சோதிக்கும் ஆட்டோகான்ஃபின் கான்ஃபிக்.சப் கோப்பு அதை மறுக்காமல் ஏற்கும்.

உறைமோர்

பாலைத் தயிராக்க ஒரு கரண்டி மோர் வேண்டும். வீட்டில் முதல் தடவை என்றால் பக்கத்து வீட்டில்தான் வாங்க வேண்டும். புதுக் கட்டமைப்புக்குக் கம்பைலரும் அப்படித்தான். ஜிசிசி என்ற கம்பைலரைக் கட்ட ஜிசிசி வேண்டும், அதற்கு சி லைப்ரரி வேண்டும், சி லைப்ரரியைக் கட்ட ஜிசிசி வேண்டும். எங்களுக்குப் பக்கத்து வீடு, மேசையில் இருந்த சாதாரண எக்ஸ்86 கணினி.

வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதலில் அசெம்பிளரும் லிங்கரும் அடங்கிய பின்யூட்டில்ஸ். அப்புறம் கர்னல் ஹெடர்கள். பிறகு சி மொழி மட்டும் தெரிந்த, லைப்ரரி எதுவும் இல்லாத அரைகுறை ஜிசிசி. அதைக் கொண்டு ஜிலிப்சி என்ற சி லைப்ரரி. ஜிலிப்சி வந்ததும் அதன் மேல் சி++ தெரிந்த முழு ஜிசிசி. இதில் ஒரே ஒரு இடம் சொல்லத் தக்கது: ரிஸ்க்-ஃபைவுக்கு ஜிலிப்சி தானாக விட்டால் லைப்ரரிகளை லிப்64 அடைவுக்குள் ஏபிஐயின் பெயரில் ஓர் உள் அடைவு போட்டு அங்கே வைக்கும். டெபியன் முறையில் பாதை வேறு. கட்டும்போதே இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் ஜிசிசி ஓரிடத்தில் தேடும், லைப்ரரி வேறிடத்தில் இருக்கும்.

இந்தக் கட்டம் பயமுறுத்தும், ஆனால் நன்கு மிதிபட்ட பாதை. ஹெல்முட் குரோனே பல ஆண்டுகளாகப் பராமரிக்கும், டெபியனை அடியிலிருந்து கட்டும் ரீபூட்ஸ்ட்ராப் ஸ்கிரிப்டைப் படித்தாலே பாதி சந்தேகம் தீரும். உண்மையான வேலை இதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

வட்டங்கள்

டிஸ்ட்ரோ என்பது கம்பைலர் இல்லை. யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற கணக்குதான் டிஸ்ட்ரோ. யூட்டில்-லினக்ஸ் என்ற பேக்கேஜைக் கட்ட சிஸ்டம்டி என்ற பேக்கேஜின் லைப்ரரி வேண்டும்; சிஸ்டம்டியைக் கட்ட யூட்டில்-லினக்ஸின் மவுன்ட் லைப்ரரி வேண்டும். ஓப்பன்எல்டாப் சைரஸ் சாஸலைக் கேட்கும். சைரஸ் சாஸல் ஓப்பன்எல்டாப்பையும் கெர்பரோஸையும் கேட்கும். கெர்பரோஸ் மறுபடி ஓப்பன்எல்டாப்பைக் கேட்கும். அரசு அலுவலகத்தில் இந்த மேசைக்கும் அந்த மேசைக்கும் நடந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

வட்டத்தை உடைக்க டெபியனில் பில்டு புரொஃபைல் என்ற ஏற்பாடு இருக்கிறது. 'ஸ்டேஜ்1' என்று சொல்லிக் கட்டினால் யூட்டில்-லினக்ஸ் சிஸ்டம்டி இல்லாமலே கட்டப்படும். 'நோடாக்' என்றால் ஆவணங்களை விட்டுவிடும். ஆவணம் தயாரிக்கும் டெக்ஸும் டாக்சிஜனும் இழுத்துவரும் பெரும் கூட்டம் அதனால் ஒதுங்கும். 'நோசெக்' என்றால் சோதனைகளும் அவற்றுக்கு மட்டும் தேவைப்படும் பேக்கேஜ்களும் வேண்டாம். எந்த முடிச்சை எங்கே அவிழ்த்தால் குறைந்த வெட்டில் வட்டம் விடுபடும் என்று கணக்கிட்டுச் சொல்ல ஜோஹன்னஸ் ஷாவர் எழுதிய பாட்ச் என்ற கருவியும் உண்டு.

இந்த ஏற்பாட்டை நான் மனதார மதிக்கிறேன். காரணம், எதை விட்டுவிட்டுக் கட்டினோம் என்பது பேக்கேஜின் சோர்ஸிலேயே எழுத்தில் பதிந்திருக்கிறது. அவசரத்தில் ஒரு வரியை அழித்துக் கட்டினால் மூன்று மாதம் கழித்து எது அரைகுறை, எது முழுசு என்று யாருக்கும் நினைவிருக்காது. எங்கள் குழுவில் இதைச் சட்டமாகவே வைத்தோம்: புரொஃபைல் இல்லாத இடத்தில் வெட்ட வேண்டியிருந்தால், அங்கே ஒரு புரொஃபைலை எழுதிவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

ஒரு கணினியில் இன்னொரு கட்டமைப்புக்காகக் கட்டும் குறுக்குக் கம்பைலில் படுத்திய பேக்கேஜ் பெர்ல். கட்டும்போதே சின்னச் சின்ன நிரல்களை எழுதி, ஓட்டி, விடையைப் பார்த்து முடிவெடுக்கும் வழக்கம் அதற்கு. எக்ஸ்86 கணினியில் ரிஸ்க்-ஃபைவ் நிரல் ஓடாது.

"இவ்வளவு தொந்தரவுக்கு பெர்லே இல்லாம கட்டிட முடியாதாண்ணா?" என்று குடியாத்தம் தம்பி கேட்டான்.

"பேக்கேஜ் கட்டுற டெப்ஹெல்பர் பூரா பெர்ல்தாண்டா. அது இல்லாம ஒரு பேக்கேஜும் கட்ட முடியாது."

கடைசியில் பெர்ல் கேட்கும் விடைகளை எல்லாம் முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்துத்தான் கட்டினோம். டெபியன் மற்ற கட்டமைப்புகளுக்குச் செய்வதும் இதுதான்.

கண்ணில் படாத 255

அடிப்படைப் பேக்கேஜ்கள் தேறியதும் அவற்றைக் கொண்டு ஒரு சிறு ரூட் அடைவு அமைத்து, புராசசரைப் போல நடிக்கும் மென்பொருளான கெமுவில் துவக்கி, உள்ளேயே கட்ட ஆரம்பித்தோம். ஒரு சிறிய கருவி மட்டும் ஓடத் தொடங்கினால் நிற்காமல் புராசசரை முழுதாக விழுங்கிக்கொண்டு சுற்றியது. பிழைச் செய்தி ஏதும் இல்லை. எக்ஸ்86-இல் அதே சோர்ஸ் ஒழுங்காக ஓடுகிறது.

ஜிடிபி என்ற பிழை தேடும் கருவியில் நிறுத்திப் பார்த்தால், கட்டளை வரி விருப்பங்களைப் படிக்கும் லூப்பிலேயே நிற்கிறது. அந்த விருப்பங்களை எடுத்துத் தரும் கெட்ஆப்ட் திருப்பித் தரும் மதிப்பை 'சார்' வகை மாறியில் வாங்கியிருந்தார்கள். அது -1 ஆகும்வரை சுற்று என்பது லூப். எக்ஸ்86-இல் 'சார்' குறியுள்ளது (எதிர்ம எண்ணையும் ஏற்கும்), -1 அப்படியே நிற்கும். ரிஸ்க்-ஃபைவில் 'சார்' குறியற்றது. -1 அதற்குள் போனதும் 255 ஆகிவிடும். 255 ஒருநாளும் -1-க்குச் சமமாகாது. மாறியின் வகையை 'இன்ட்' என்று மாற்றினால் தீர்ந்தது. ஏஆர்எம்மிலும் 'சார்' குறியற்றதுதான் என்பதால் பிரபலமான பேக்கேஜ்களில் இந்தப் பிழையை யாரோ எப்போதோ திருத்திவிட்டார்கள். நமக்கு மாட்டுவதெல்லாம் அதிகம் பேர் தொடாத மூலைகள்.

இதைக் கண்டுபிடித்தவன் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படிக்கும் ஆற்காட்டுப் பையன். சி மொழியில் 'சார்' குறியுள்ளதா இல்லையா என்பது கட்டமைப்பின் விருப்பம் என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகும். அந்த வரி இனி அவனுக்கு மறக்காது.

சான்றிதழ் சரி, சரக்கு தவறு

இந்த வேலையில் நாங்கள் கற்றதிலேயே பயனுள்ளது இனி வருவது. இதே போன்ற வேலையில் இறங்குகிறவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது படிக்க வேண்டும்.

கெமுவின் பொதுவான ரிஸ்க்-ஃபைவ் புராசசரில் எஃப், டி நீட்சிகள் இயல்பாகவே இயங்கும். அதனால் நம்மிடம் இல்லாத கட்டளையைச் சுமந்த பைனரியும் அங்கே சிரித்த முகத்தோடு ஓடும். பலகைக்கு வந்தால் செத்துவிழும். ஆகவே கெமுவைத் துவக்கும்போதே அந்த இரண்டையும் அணைத்துவிட்டோம். கூடவே, கட்டி முடித்த ஒவ்வொரு பைனரியின் ஈஎல்எஃப் தலைப்பையும் (கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் விவரப் பகுதி) ரீட்எல்ஃப் கொண்டு ஒரு ஸ்கிரிப்ட் படிக்கும். ரிஸ்க்-ஃபைவின் ஈஎல்எஃப் எண் 243. அது இரண்டு ஏபிஐக்கும் ஒன்றுதான். வேறுபாடு கொடிப் புலத்தில். டெபியனின் பைனரியில் 5 என்று இருக்கும்: சுருக்கக் கட்டளைகளுக்கு 1, டபுள் ஃப்ளோட் ஏபிஐக்கு 4. நம்முடையதில் வெறும் 1 இருக்க வேண்டும். 5 வந்தால் பேக்கேஜ் களஞ்சியத்துக்குள் போகாது.

இது போதும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனாலும் கொடி 1 என்று சுத்தமாக இருந்த ஒரு லைப்ரரி, கெமுவில் தெரியாத கட்டளை என்று விழுந்தது. அதன் மேக்ஃபைலைத் திறந்தால், ரிஸ்க்-ஃபைவ் என்றால் ஆர்வி64ஜிசி தவிர வேறு இருக்காது என்று நம்பிய யாரோ, கட்டளைத் தொகுப்பைக் கம்பைலருக்குச் சொல்லும் 'மார்ச்' கொடியை அப்படியே நிரந்தரமாக எழுதி வைத்திருந்தார்கள். ஏபிஐ கொடியை அவர்கள் தொடவில்லை. அதை எங்கள் கம்பைலர் எல்பி64 என்றே வைத்தது. விளைவு: அழைக்கும் முறை நம்முடையது, உள்ளே இருக்கும் கட்டளைகள் அவர்களுடையவை. ஈஎல்எஃப் தலைப்பு ஏபிஐயை மட்டும்தான் சொல்கிறது. எந்தக் கட்டளைத் தொகுப்புக்காகக் கம்பைல் ஆனது என்பது ரிஸ்க்-ஃபைவ் ஆட்ரிபியூட்ஸ் என்ற வேறொரு பிரிவில் இருக்கிறது. லிங்கரும் இதைத் தடுக்காது. அதன் பார்வையில் ஏபிஐ பொருந்துகிறது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஸ்கிரிப்ட் இரண்டையும் படிக்கிறது: தலைப்பின் கொடி, ஆட்ரிபியூட்ஸில் உள்ள கட்டளைத் தொகுப்பு. கையால் எழுதிய அசெம்பிளியில் மிதவைப் புள்ளிக் கட்டளை இருந்தால் அதைச் சோர்ஸில் தேடிப் பார்த்து, கம்பைலர் தரும் ஃப்ளோட் ஏபிஐ மேக்ரோவைக் கொண்டு பிரித்துவிடுகிறோம். மேக்ஃபைல் திருத்தத்தையும் 'சார்' திருத்தத்தையும் அந்தந்த நிரலைப் பராமரிப்பவர்களுக்கே அனுப்பினோம். நம் களஞ்சியத்தில் மட்டும் ஒட்டுப் போட்டு வைத்தால் அடுத்த பதிப்பில் அதே இடத்தில் மறுபடி நிற்க வேண்டும்.

வெயிலும் மின்சாரமும்

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும் மதியத்தில் மாடி அறையில் எல்லா கோர்களையும் ஓட்டிக் கம்பைல் செய்தால் கணினி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஜிசிசி, ஜிலிப்சி போன்ற கனமானவற்றை இரவுக்குத் தள்ளினோம்.

மின்வெட்டு வேறு மாதிரிப் படுத்தியது. யுபிஎஸ் தாங்காத நேரத்தில் கணினி நின்றால், அப்போதுதான் எழுதிய பேக்கேஜ் கோப்பு பெயரளவில் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஈஎக்ஸ்டி4 கோப்பு முறை தரவை வட்டில் எழுதுவதைச் சற்றுத் தள்ளிப்போடுவதால் வருவது இது. தற்காலிகப் பெயரில் எழுதி, எஃப்சிங்க் செய்து தரவை வட்டில் உறுதியாக எழுதி, அதன் பிறகே உண்மைப் பெயருக்கு மாற்றும்படி களஞ்சிய ஸ்கிரிப்டை அமைத்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது.

தானே தன்னைக் கட்டும் வரை

பலகையில் முதன்முதலாக லாகின் வரி வந்த அன்று பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். செய்ய வேண்டியதுதான். ஆனால் வேலை அன்று முடியவில்லை என்பதில் நானும் பெல் சாரும் உறுதியாக இருந்தோம். அந்த நேரத்தில் உள்ளே இருந்தவற்றில் பாதி, ஆவணம் இல்லாமல், சோதனை இல்லாமல், ஏதோ ஒரு லைப்ரரியை விட்டுவிட்டு எக்ஸ்86-இல் பிறந்தவை. எதை நம்புவது, எதை நம்பக் கூடாது என்று பிரிக்க முடியாத கலவை அது.

ஆகவே முழுச் சுற்று ஒன்றைப் புதிதாக ஓட்டினோம். கட்டும் சூழலில் எங்கள் கட்டமைப்பின் பைனரிகள் மட்டும். குறுக்குக் கம்பைலர் கிடையாது, ஸ்டேஜ்1 கிடையாது. எல்லாம் முடிந்ததும், அந்தச் சுற்றில் வந்ததை மட்டும் வைத்து இன்னொரு சுற்று. பிறகு இரண்டையும் பைட் பைட்டாக ஒப்பிட்டோம். ஜிசிசி தன்னைத்தானே கட்டிக்கொள்ளும்போது இரண்டாம் கட்டத்தையும் மூன்றாம் கட்டத்தையும் ஒப்பிடுவது இதே காரணத்துக்காகத்தான். கட்டிய நேரம் கோப்புக்குள் பதியாமல் இருக்க சோர்ஸ்-டேட்-ஈபாக் மாறியை நிலையாக வைத்தால் பெரும்பாலானவை அச்சு அசலாக ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாதவற்றை, வேறுபாட்டைக் காட்டும் டிஃப்ஆஸ்கோப்பில் போட்டுப் பார்த்தோம். அநேகமாகக் கோப்புகளின் வரிசை மாறியிருக்கும்.

பெரியவர்களும் இதைத்தான் செய்திருக்கிறார்கள். டெபியன் ரிஸ்க்-ஃபைவை அதிகாரப்பூர்வமாக்கியபோது, 2018 முதல் அதிகாரப்பூர்வமற்ற கட்டமைப்புகளுக்கான டெபியன் போர்ட்ஸில் வளர்ந்திருந்த பைனரிகளை அப்படியே தூக்கி வைக்கவில்லை. தன் சொந்த இயந்திரங்களில் புதிதாகக் கட்டியது.

'நோசெக்' இல்லாமல் கட்டியதால் சோதனைகளும் அந்தச் சுற்றில்தான் முதன்முறையாக ஓடின. தோற்றவற்றில் ஒரு கூட்டம் தெளிவாகத் தெரிந்தது: தசம விடையை எந்தப் பக்கம் வட்டமாக்குவது என்று மாற்றிப் பார்க்கும் சோதனைகள். வன்பொருளில் அதற்கென எஃப்சிஎஸ்ஆர் பதிவேடு உண்டு. நம்மிடம் கணக்கு முழுவதும் ஜிசிசியோடு வரும் லிப்ஜிசிசி லைப்ரரியின் முழு எண் நிரலில் நடக்கிறது. மாற்ற எந்தப் பதிவேடும் இல்லை. அவற்றை மட்டும் காரணம் எழுதி விலக்கினோம். மற்ற தோல்விகளை விலக்கவில்லை, ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம்.

இப்போதைய நிலை

பலகையில் துவக்க மென்பொருளான ஓப்பன்எஸ்பிஐ, கர்னல், சிஸ்வி இனிட், ஆப்ட், பைத்தான், ஜிசிசி எல்லாம் ஓடுகின்றன. பிள்ளைகள் பலகையிலேயே நிரல் எழுதி அங்கேயே கம்பைல் செய்கிறார்கள். மெதுவாகத்தான் இருக்கிறது, அது எதிர்பார்த்தது. எதிர்பாராத இடத்தில் மெதுவானது, உரையை வரி வரியாகக் கையாளும் ஆக் என்ற ஸ்கிரிப்ட் மொழி. ஆக்குக்கு எல்லா எண்ணும் தசமம்தான். ஒன்று இரண்டு என்று வரிகளை எண்ணும் ஸ்கிரிப்ட்கூட ஒவ்வொரு கூட்டலையும் லிப்ஜிசிசி வழியாகவே செய்கிறது. துவக்க ஸ்கிரிப்ட்களில் ஆக் வரும் இடங்களை ஷெல்லின் முழு எண் கணக்குக்கு மாற்றியதில் பலகை எழுந்திருக்கும் நேரம் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது.

கட்ட முடியாதவையும் உண்டு. கோ மொழியின் கம்பைலர் ரிஸ்க்-ஃபைவில் குறைந்தபட்சம் ஆர்விஏ20 தொகுப்பைக் கேட்கிறது. அதில் எஃப், டி இரண்டும் கட்டாயம். கோவில் எழுதிய எதுவும் இப்போதைக்கு எங்களிடம் இல்லை. ரஸ்டில் ஆர்வி64ஐமேக்குக்கு ஆயத்த இலக்கு இருக்கிறது. ஆனால் அது இயங்குதளமே இல்லாத வெறும் பலகைக்கானது. லினக்ஸுக்கு நம்முடைய ஏபிஐயில் ஆயத்தமாக ஏதும் இல்லை. இலக்கின் விவரக் கோப்பை நாமே எழுதி, ஸ்டாண்டர்டு லைப்ரரியைச் சோர்ஸிலிருந்து கட்டிக்கொள்ள ரஸ்ட் வழி வைத்திருக்கிறது. பெர்லில் அலுத்துக்கொண்ட அதே குடியாத்தம் தம்பி அந்தக் கோப்பை எழுதிக்கொண்டிருக்கிறான். அது தேறினால் முதலில் கட்டப்போவது பைத்தானின் கிரிப்டோகிராஃபி பேக்கேஜ். ரஸ்ட் வேண்டும் என்பதால் வரிசையில் நெடுநாளாக நிற்பது அதுதான்.